ஏணி என்று ஒரு பெயர்

டுவேன் ஹேக்கெட்டை டுவேன் என்று கூப்பிடுகிறவர்கள் டொலீடோ நகரத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவன் மனைவி மார்லீன், அதுவும் கோபம் வந்தால் மட்டும். இன்னொருவர் அவனுடைய டாக்டர். மற்ற எல்லோருக்கும் அவன் ஏணி. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பழுது பார்க்கப் போகிற இடங்களில்கூட, "ஏணி வந்தாச்சு, பேஸ்மென்ட் கதவைத் திற" என்றுதான் குரல் கேட்கும். வேன் மேலே எப்போதும் ஓர் ஏணியைக் கட்டிக்கொண்டு அலைவதால் வந்த பெயர் என்று புதிதாகப் பழகுகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவனும் விட்டுவிடுவான்.

உண்மையில் அந்தப் பெயர் 1991 மார்ச் மாதம், ஃப்ளோரிடாவில் டேடோனா கடற்கரையில், ஒரு மோட்டலின் நீச்சல் குளத்தருகே வைக்கப்பட்டது. வசந்த விடுமுறைக்குப் போயிருந்த கல்லூரிப் பையன்களுக்குத் தொப்பைப் பாய்ச்சல் போட்டி. உயரமான பலகையிலிருந்து தண்ணீரில் வயிறு முதலில் படும்படி விழவேண்டும். சத்தம், தண்ணீர் தெறிப்பு, வயிற்றின் சிவப்பு மூன்றுக்கும் மதிப்பெண். டுவேன் மேலே ஏறினான், எட்டிப் பார்த்தான், ஏறிய வழியே இறங்கிவிட்டான். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கால் தரையில் படுவதற்குள் அவனுடைய உயிர் நண்பன் கர்ட் லிண்ட்க்விஸ்ட், "ஏணி, ஏணி" என்று கத்த ஆரம்பித்தான். நானூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

கர்ட் இப்போது பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேச முடியாதவர்கள் நடுவிலேயே காலம் தள்ளுவதால் அவனுக்குக் கதை சொல்வதில் அபாரப் பழக்கம். டுவேனின் கல்யாண விருந்தில் இந்தக் கதையைச் சொன்னான். ஒவ்வொரு நவம்பரிலும் நன்றி சொல்லும் நாள் விருந்தில் வான்கோழி வெட்டும்போது சொன்னான். வருஷத்துக்கு ஓரடி வீதம் பலகையின் உயரமும் கூடிக்கொண்டே போனது. இந்த ஜூனில் டுவேனின் மூத்த மகள் டெஸ்ஸாவுக்குக் கல்யாணம். டெஸ்ஸாவுக்கு ஞானத் தகப்பன் கர்ட்தான் என்பதால் விருந்தில் எழுந்து பேசப்போவதும் அவன்தான். சம்பந்தி வீட்டார் கிளீவ்லாண்டில் பெரிய வக்கீல் குடும்பம்.

ஜனவரியில் ஒருநாள் பௌலிங் ஆடும்போது டுவேன் கேட்டேவிட்டான். "டேய், கல்யாணத்துல மட்டும் அந்தக் கதை வேண்டாம்டா."

"நல்ல கதைடா அது."

"எனக்கு நல்லா இல்ல. மாப்பிள்ளையோட அப்பா முன்னாடி நான் ஏணியா நிக்கணுமா?"

கர்ட் பந்தைத் துடைத்தபடி சொன்னான்: "வேற முடிவு ஒண்ணு கொடு. அதைச் சொல்றேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். டுவேனோ வீட்டுக்குப் போய் அந்த மோட்டலுக்குப் போன் போட்டான். ஸ்லீப்பி ஹெரான் மோட்டல் இன்னும் இருந்தது, பலகை இருந்தது, மார்ச் மாதம் போட்டியும் இருந்தது. மூன்று படுக்கை உள்ள அறையைப் பிடித்துவிட்டான். மூன்றாவது ஆள் ரோலி டெக்கர், உயர்நிலைப் பள்ளி முதல்வர். அவனுக்கும் பள்ளி விடுமுறை. வீட்டில் இருந்தால் மனைவி கராஜைச் சுத்தம் செய்யச் சொல்வாள் என்பதால் உடனே சம்மதித்தான். கர்ட் மட்டும் இரண்டு வாரம் சாக்குச் சொன்னான். கடைசியில் வராமல் இருக்க முடியாமல் வந்தான்.

கிளம்பும்போது மார்லீன் டுவேனின் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "ஹெர்னியா ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. தையல் பிரிஞ்சு வந்தா, கதவைத் திறக்க மாட்டேன், டுவேன்." டுவேன் என்றே சொன்னாள்.

1991இல் பதினாறு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினார்கள். இந்த முறை ஒவ்வொரு நாற்பது மைலுக்கும் யாராவது ஒருவனுக்கு அவசரம் வந்தது. ஜார்ஜியாவில் ராத் தங்கிக் காலையில் இலவச வாஃபிள் சாப்பிட்டார்கள். டேடோனா அறைக்குள் நுழைந்ததும் முதல் சண்டையே மின்சாரத்துக்குத்தான்: மூன்று பேருக்கும் குறட்டைக்கான மூச்சு இயந்திரம், சுவரில் வேலை செய்யும் ப்ளக் ஒன்றே ஒன்று. ரோலி கடைக்குப் போய் நீள வயர் வாங்கி வந்தான். அன்று நான்கரை மணிக்கே, முதியோர் தள்ளுபடி நேரத்தில், இறால் வறுவல் சாப்பிட்டார்கள். ஒன்பது மணிக்கு முன்பே மூன்று இயந்திரங்களும் சீராக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து அறைப் பையன்கள் சுவரைத் தட்டி, "சார், கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்த விடுமுறை தொடங்கிய விதமே டுவேனுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இல்லாத ஒரு லேசான மனது வந்திருந்தது.

மறுநாள் காலை குளத்துக்குப் போனார்கள். டுவேன் அண்ணாந்து பார்த்தான்.

"இதுவாடா? இவ்வளவுதானா?"

பத்தடி. நீலப் பெயின்ட் உரிந்த பத்தடிப் பலகை. அவனுடைய வேன் ஏணியை நீட்டினால் இதைவிட உயரம்.

"அப்ப இன்னும் உசரமா இருந்துச்சு," என்றான் கர்ட், எங்கோ பார்த்தபடி.

"நீதான்டா உசத்திட்டே இருந்த," என்றான் ரோலி. பேசிக்கொண்டிருக்கும்போதே குளத்தோரம் சில பிள்ளைகள் ஓடினார்கள். "ஓடாதீங்க, நடங்க" என்று ரோலியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இருபது பேர் அப்படியே நின்று, நடக்க ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "மிஸ்டர் டெக்கர்?" என்று கேட்டுக் கையிலிருந்த பீர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அதற்குப்பின் ரோலி அந்த வாரம் முழுவதும் தொப்பியைக் கழற்றவில்லை.

போட்டி மதியம் இரண்டு மணிக்கு. பெயர் கொடுக்க மேஜைக்குப் போனால், காதில் ஏழு வளையம் மாட்டிய ஒரு பெண் விதிகள் எழுதிய பலகையைக் காட்டினாள். "சாரி சார். காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் மட்டும்தான். ஐடி வேணும்."

டுவேனின் முகம் விழுந்துவிட்டது. ஆயிரம் மைல் வந்தாயிற்று. பாட்டிலில் அடைத்த காற்று மாதிரி முப்பத்து மூன்று வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்தது, இந்த மேஜையோடு முடிகிறதா?

"சரி விடு, ரூல்னா ரூல்," என்றான் கர்ட். சொன்ன வேகத்தில் டுவேனின் தோளில் கையும் போட்டுவிட்டான். "வா, சாப்பிடப் போகலாம். நான் வாங்கித் தரேன்." கர்ட் தானாக முன்வந்து வாங்கித் தருவதென்பது அதிசயம். ஆனால் டுவேன் அதைக் கவனிக்கவில்லை, பர்ஸைக் குடைந்துகொண்டிருந்தான்.

உள்ளே, கடைச் சலுகைச் சீட்டுகளுக்கு நடுவில், ஓர் அட்டை கிடைத்தது. மகள்கள் இருவரும் வீட்டை விட்டுப் போனபின் அவன் சும்மா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல், மார்லீன் அவனைச் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்த்திருந்தாள். போட்டோவோடு, முத்திரையோடு, அசல் மாணவர் அட்டை.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். "வயசு பத்தி ரூல்ல ஒண்ணும் போடல," என்று முணுமுணுத்தாள். "என்ன படிக்கிறீங்க, சார்?"

"கேக் செய்ய."

"உங்க நம்பர் பதினாலு," என்று சொல்லி அவன் கையில் மார்க்கரால் எழுதினாள்.

இரண்டு மணிக்குக் குளத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. மைக் பிடித்த பையன் ஒவ்வொருவரின் பெயர், கல்லூரி, படிப்பு எல்லாவற்றையும் சொன்னான். மிச்சிகனிலிருந்து வந்த ஒரு கால்பந்தாட்டக்காரன், முந்நூறு பவுண்டு இருப்பான், பத்தாவதாக விழுந்தபோது முன் வரிசையே நனைந்தது. டுவேன் வரிசையில் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டான். அன்று கழி மாதிரி இருந்தான். இன்று நல்ல தொப்பை. இந்த விஷயத்தில் மட்டுமாவது வயது தனக்கு உதவியிருக்கிறது என்று திருப்தியாக இருந்தது.

கர்ட் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"போகாதடா," என்றான்.

"என்ன?"

"உனக்கு பி.பி. இருக்கு."

"உனக்கும்தான் இருக்கு. நீ துண்டைப் பிடிச்சிட்டு நில்லு, போதும்."

பன்னிரண்டாம் எண் விழுந்தது. கூட்டம் கத்தியது. கர்ட் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு நீ இறங்கும்போது உனக்குப் பின்னாடி ஏணியில யாரு இருந்தா, ஞாபகம் இருக்கா?"

டுவேனுக்கு ஞாபகம் இல்லை. தன் கால், அந்த ஈரக் கம்பி, கீழே தெரிந்த முகங்கள். அவ்வளவுதான் ஞாபகம்.

"நான் இருந்தேன். அடுத்த நம்பர் என்னுது. பாதி ஏணியில நின்னுட்டு, கடவுளே ஏதாவது பண்ணு, ஏதாவது பண்ணுன்னு வேண்டிட்டிருந்தேன். அப்ப நீ இறங்கி வந்த. உனக்கு வழி விடணும்னா நானும் இறங்கித்தானே ஆகணும்? இறங்கினேன். திரும்ப ஏறல. யாராவது என்னைக் கேக்கறதுக்குள்ள..." கர்ட் நிறுத்தினான். "உனக்குப் பேர் வச்சுட்டேன்."

"முப்பத்தி மூணு வருஷமா?"

"நிறுத்தினா யாருக்காவது ஞாபகம் வந்துடுமோன்னு பயம்டா."

டுவேனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தன் கல்யாணம் நினைவுக்கு வந்தது. விருந்து மேஜையில் தன் மகள்களே சிரித்தது நினைவுக்கு வந்தது. அந்தத் துண்டைப் பிடுங்கி அவன் முகத்தில் வீசவேண்டும் போலிருந்தது. அதற்குள் மைக் பையன் கூப்பிட்டுவிட்டான்: "நம்பர் பதினாலு, டுவேன் ஹேக்கெட், ஒஹையோ. படிப்பு, கேக்."

கூட்டம் ஒரு நொடி விழித்தது. பிறகு யாரோ ஆரம்பித்து வைக்க, "கேக், கேக்" என்று குளமே முழங்கியது. டுவேன் கோபத்தோடு ஏறினான். கோபத்தில் பத்தடி தெரியவில்லை. பலகை நுனிக்குப் போய் நின்றபோதுதான் கோபம் வடிந்தது. கீழே எட்டிப் பார்த்தான். கீழிருந்து பார்த்தால் பத்தடி. மேலிருந்து பார்த்தால் கர்ட் சொன்ன எல்லா அடிகளும் அப்படியே இருந்தன.

திரும்பிப் பார்த்தான். இப்போதெல்லாம் ஒருவர் குதித்த பிறகுதான் அடுத்தவர் ஏறலாம் என்று விதி போலிருக்கிறது. ஏணியில் ஒருவரும் இல்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இறங்கிவிடலாம். கர்ட் மட்டும் ஏணியின் அடியில் நின்று, சிமென்ட்டில் புதைத்த அந்தக் கம்பிகளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தான். கண்ணை இறுக மூடியிருந்தான். உதடு முணுமுணுத்தது. அன்றைக்கு மாதிரியே வேண்டிக்கொள்கிறான் போலிருக்கிறது; ஆனால் இந்த முறை யாருக்காக என்பதுதான் வேறு.

டுவேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை அகல விரித்து முன்னால் சாய்ந்தான்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? ரோலி பிற்பாடு மார்லீனிடம், ஈர மெத்தையை மாடியிலிருந்து போட்ட மாதிரி என்றான். கூட்டம் முதலில் "ஐயோ" என்றது, அப்புறம் ஆர்ப்பரித்தது. தண்ணீருக்குள் டுவேன் கண்ணைத் திறந்தபோது உலகமே நீலமாக, அமைதியாக, வயிறு முழுக்கத் தீயாக இருந்தது. தையலைத் தடவிப் பார்த்தான். பத்திரம். மேலே வந்தபோது அவனைக் கைகொடுத்துத் தூக்கியது கர்ட்தான். சட்டை செருப்போடு இடுப்பு வரை குளத்துக்குள் இறங்கி நின்றிருந்தான்.

சத்தத்துக்கு முழு மதிப்பெண். மொத்தத்தில் இரண்டாமிடம், போயும் போயும் ஒஹையோவின் பரம வைரியான ஒரு மிச்சிகன்காரனிடம் தோற்றது மட்டும் டுவேனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. பரிசாகக் கிடைத்த பனியன் சின்ன அளவு, ஒரு தோளுக்கு மேல் ஏறவில்லை. அதை வேன் கண்ணாடிக்கு முன்னால் பெருமையாக விரித்து வைத்தான். மீதி மூன்று நாளும் குடைக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்கள். பிள்ளைகள் வந்து அவன் வயிற்றோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கர்ட் கேட்காமலே ஐஸ் கொண்டுவந்து கொடுத்தான். டுவேன் வாங்கிக்கொண்டான், நன்றி சொல்லவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தான். அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

திரும்பும் வழியில் டுவேன் ஓட்டினான், சட்டைக்குள் ஓர் ஐஸ் பையோடு. ரோலி பக்கத்தில், கர்ட் பின் சீட்டில். ஜார்ஜியா எல்லை தாண்டும் வரை ரேடியோதான் பேசியது. வெயில் நன்றாக அடித்தது. டுவேன் கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்தான்.

"ஏணி," என்றான். "அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சோடா எடு."

ரோலி டுவேனைப் பார்த்தான். பிறகு ரேடியோவைக் குறைத்தான்.

பின் சீட்டில் ஐஸ் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. கர்ட் ஒரு டப்பாவை எடுத்து, ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து, மூடியையும் தானே திறந்து, முன்னால் நீட்டினான்.