ஒன்பது நாள் வரவேற்புரை

இசு கடற்கரையில் நாகிசாகி கடலாய்வு நிலையத்தின் புதுக்கட்டடத் திறப்பு விழாவன்று இயக்குநர் குசாகாபே ஆற்றிய வரவேற்புரை ஒன்பது நாள் நீடித்தது. ஆண்டு 1986, அந்த வாரம் கானாங்கெளுத்தி மலிவு. முதல் நான்கு மணி நேரம் யாரும் எதையும் வித்தியாசமாக உணரவில்லை. அவர் உரைகளின் வழக்கமான நீளம் அதுதான். மூத்தவர் பேசி முடித்து ‘கம்பாய்’ என்று வாழ்த்திக் கோப்பை உயர்த்தும்வரை கோப்பையில் வாய் வைக்கக் கூடாது, இடத்தை விட்டு நகரவும் கூடாது என்பதால், மீன்வளத் துறை அதிகாரிகள் உட்பட எண்பது விருந்தினர்கள் பீர்க் கோப்பையைத் தூக்கியபடியே நின்றார்கள். இரண்டாம் நாள் முதல் மனைவிமார் வந்து அவர்களுடைய மற்றக் கையில் சோற்றுருண்டை வைத்துவிட்டுப் போனார்கள்.

உரையின் முதல் மணி நேரத்திலேயே குசாகாபே ஒரு செய்தியை அறிவித்திருந்தார். ஊருக்கு எதிரே உள்ள கரும்பாறையின் கடற்பஞ்சில் ஓர் அரிய பொருள் இருக்கிறதாம். ஆராய்ச்சிக்காகப் பாறையைச் சுரண்டி மூன்று டன் எடுக்கப் போகிறார்களாம். அந்தப் பஞ்சின் நிழலில்தான் அவாபிச் சிப்பிகள் வளரும். முக்குளித்து அவற்றை எடுக்கும் பதினொரு பெண்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அவர்களில் மூத்தவள் ஷிகே. காட்சிக்கென்று அன்று காலை பஞ்சு ஒன்றை எடுத்துவந்து, இயக்குநரின் மைக்குக்குப் பக்கத்தில் நீல வாளியில் வைத்தவளும் அவள்தான்.

பதினான்கு வருடமாக நிலையத்தில் கண்ணாடிக்குழாய் கழுவிவந்த சுமியே மூன்றாம் நாள் அந்த வாளியைப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்துப் பார்த்தாள். உரையில் இருமலும் இழுவையும் வந்தன. திரும்பக் கொண்டுவந்தாள், மடை திறந்தது. வேறு பாறையின் மஞ்சள் பஞ்சை அதனிடத்தில் வைத்தபோது இயக்குநர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு கரும்பஞ்சைப் பாதியாக, காலாக, கடைசியில் நகத்தளவாக நறுக்கி வைத்துப் பார்த்தாள். நகத்தளவுக்கே அவர் ஒரு நாள் முழுக்கப் பேசினார். எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டாள். அதைவிட நேர்த்தியான சோதனை அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை.

“என்னடி கண்டுபிடிச்ச?” என்று ஷிகே கேட்டாள்.

“உடம்புல ‘போதும்’னு சொல்ற நொதி ஒண்ணு இருக்கு. இந்தப் பஞ்சு அதோட கையைக் கட்டிப் போட்டுடுது.”

“இவருக்கு அந்த நொதி முன்னாடி மட்டும் இருந்துச்சாக்கும்.”

“கொஞ்சம் இருந்திருக்கும். நான் குறிச்சு வெச்சதப் பாரு, நகத்தளவே போதும். மூணு டன் எதுக்கு?”

ஒன்பதாம் நாள் குசாகாபே, குரல் கம்மி, பேச்சின் ஓட்டத்திலேயே கெஞ்சினார்: “மாண்புமிகு விருந்தினர்களே, அறிவியலின் பொற்காலம் இது, அந்த வாளியை யாராவது எடுங்களேன், மேலும் நமது நாடு…”

ஷிகே வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எடுக்கறேன் ஐயா. பாறைய சுரண்ட மாட்டேன்னு மைக்ல சொல்லிடுங்க. வருஷத்துக்கு ஒரு கூடை நாங்களே குடுக்கறோம்.”

அவர் சொன்னார். எண்பது பேர் முன்னால் மைக்கில் சொன்னதை அந்த ஊரில் யாரும் திரும்பப் பெற முடியாது. ஷிகே வாளியைக் கடலில் கவிழ்த்த நொடியில் “கம்பாய்” என்ற சொல் வந்தது. எல்லோரும் நுரை செத்த பீரை மரியாதையாகக் குடித்தார்கள்.

ஆய்வுக்கட்டுரையில் குசாகாபேயின் பெயர் முதலில் வந்தது. அதன் நன்றிக்குறிப்பின் கடைசி வரியில் ‘வாளியை நகர்த்தி உதவிய சுமியே’ என்று இருந்தது. இன்று அந்தக் கூடையிலிருந்து பிரித்த பொருள் ஊசிமுனையளவாகக் குப்பிகளில் ஊர் ஊராகப் போகிறது. செல்லுக்குள் ‘போதும்’ சொல்லும் நொதியை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறதென்று பார்க்கிறவர்கள் அவள் குறித்த அளவைத்தான் சொட்டுகிறார்கள். கரும்பாறை கறுப்பாகவே இருக்கிறது.

எட்டு வருடம் கழித்து, பணிநிறைவு விழாவில் பேச எழுந்த குசாகாபே முதலில் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். வாளி இல்லை. நான்கே நிமிடம் பேசினார். பீர் குளிர்ந்தே இருந்தது.