ஆறாவது சமையல் முறை

பதினோரு வீடுகளுக்கு ஒரே சமையலறை. பதினோரு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் ராத்திரிச் சமையல் முறை வரும். தொடர்ந்து ஆறு முறை தவறவிட்டால், அந்த வீட்டுக்காரர் கிளம்புகிறார் என்று கணக்கு. காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குக் கடிதம் போய்விடும். குடிவந்த வருஷம் எல்லோருமாகக் கூடிக் கைதூக்கிப் போட்ட விதி. அவனும் தூக்கினான். அவன் மனைவியும் தூக்கினாள்.

அவள் செத்தபின் ஐந்து முறை வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் யாராவது கதவைத் தட்டி, "நீ சும்மா இரு தம்பி, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். சும்மா இருந்தான். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இன்றைக்கு மத்தியானம் சமையலறை வாசலில் முறை எழுதும் பலகையைப் பார்த்தபோதுதான் எண்ணினான். ஆறாவது.

நாலு மணிக்குச் சமையலறைக்குப் போனால், பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா பாதி வெங்காயத்தை உரித்து முடித்திருந்தார்.

"கத்தியைக் குடுங்கக்கா. இன்னிக்கு நான் செய்றேன்."

"போய்ப் படு. மூஞ்சியே சரியில்ல."

"குடுங்கக்கா."

"ஏன், என் சமையல் அலுத்துப்போச்சா?"

"இது ஆறாவது முறை."

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கத்தி மெதுவாகக் கீழே இறங்கியது.

"அட கொடுமையே! பாவம் பாத்துப் பாத்தே உன்னை வெளியே தள்ளப் பாத்தோமா? விதியை மாத்திடலாம்ப்பா. நான் பேசறேன்."

"வேணாம். எனக்குன்னு தனியா ஒரு விதி வேணாம். இங்கயே இருக்கணும், அவ்வளவுதான்."

சொன்னபிறகுதான் அது அவனுக்கே தெரிந்தது.

இருபத்தேழு பேருக்குச் சமைக்க அவனுக்குத் தெரியாது. மனைவி இருந்தவரை கிளறுவது அவள், பாத்திரம் கழுவுவது அவன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.

"கைதானே படக்கூடாது? வாய்க்கு விதி கிடையாது. தீயைக் குறை. இன்னும் குறை. அது குறைக்கறதா, அணைக்கறதா?"

ஏழு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். இரண்டு மாதமாக அவனுக்கென்றே வைத்திருக்கும் முகத்தோடு, சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். கடைசி வீட்டு பஸ் டிரைவர் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, இது உருளைக்கிழங்கா, கூழாங்கல்லா?"

அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். "சும்மா இருங்க. பாவம் அது."

"என்ன பாவம்? மேல எனக்கு இருக்கறதே நாலு பல்லு."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அவன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். நடுவில் பச்சை.

"வேகலண்ணே. அடுத்த தடவை சின்னதா நறுக்கறேன்."

"அடுத்த தடவை இருக்கட்டும், இப்போ என்ன பண்றது?"

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி அடுப்பில் வைத்தான். மிச்ச இருபத்தாறு பேரும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்; வாய்விட்டுத் திட்டிக்கொண்டுதான்.