லேசருக்குப் பிறகு ஒரு மணி நேரம்

என் வீட்டுக்காரர் கன்னையா, செந்தூல் ரயில்வே பட்டறையில் கிராணி என்கிற குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் தாமதமானால் பொறுத்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் காத்திருக்கச் சொன்னால் மட்டும் பொறுக்கமாட்டார். எங்கள் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய், கிளாக்கோமா. சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. லேசரால் சின்னத் துவாரம் போட்டால் நீர் வடிந்து அழுத்தம் குறையும் என்றார் சீன டாக்டர். எண்பத்தொன்பதாம் வருஷத்தில் அது எங்களுக்குப் புதுசு. முதலில் வலது கண்ணுக்குப் போட்டார்கள். போட்டவுடன் சிலருக்கு அழுத்தம் திடீரென்று ஏறுமாம். அதனால் ஒரு மணி நேரம் கழித்து அளந்து பார்த்துத்தான் அனுப்புவார்களாம். மலாய்க்கார நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். இவர் கேட்டால்தானே!

"கத்தியில்ல, ரத்தமில்ல. சும்மா உக்காந்து என்னா செய்யறது? பஸ் போயிரும் லா" என்று யாரிடமும் சொல்லாமல் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் தலை வெடிக்கிற வலி, வாந்தி. பஸ் ஸ்டாண்டில் தின்ன கறிபாப் பலகாரம்தான் காரணம் என்றார். பக்கத்து வீட்டு நல்லம்மாள் பித்தம் என்றாள். இஞ்சிச் சாறு கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "சொல்லாம ஓடியாந்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?" என்றார். வீம்புக்கு மருந்து உண்டா? விடிந்தபோது கண் செக்கச் சிவந்து, கருவிழி புகை படிந்தாற்போல் இருந்தது. டாக்சி பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

டாக்டர் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். எனக்குத் தமிழும் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயும்தான் வரும்.

"என்னாங்க சொல்றாரு?"

"அழுத்தம் ஏறிருச்சாம். இறக்கிட்டாங்க. கண்ணு நல்லாருக்கு."

அத்தனை பேச்சுக்கும் இவ்வளவுதானா என்று தோன்றியது. ராத்திரியெல்லாம் கண் விழித்தவளுக்குத் துருவிக் கேட்கத் தெம்பில்லை. "இதுக்கு ஏதாச்சும் ஆயிருந்துச்சுன்னா, இன்னொரு கண்ணைத் தொடவே விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். கதவில் இடித்துக்கொண்டார். கவனமெல்லாம் எங்கே போகிறது என்று நானும் ஒவ்வொரு முறையும் திட்டினேன்.

அடுத்த மாதம் இடது கண்ணுக்கு லேசர். இந்தத் தடவை மனுஷன் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லேசருக்குத் தடவிய பசையால் இடது கண் கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

"மணி என்னா வீரம்மா?"

சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். அப்புறமும் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எதிர்லதானே தாம்பாளம் மாதிரி கடிகாரம் தொங்குது! வலது கண்ணுதான் நல்லாருக்கே, பாக்க வேண்டியதுதானே!"

அவர் முகத்தைத் திருப்பித் தேடினார். கடிகாரம் இல்லாத சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கண்ணு அன்னிக்கே போச்சு" என்றார். "சொன்னா நீ இதுக்கு விட்டிருக்கமாட்டே. இதுவும் போனா எனக்கு வேற கண்ணு ஏது?"

திட்ட வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் என்னிடம் தெம்பில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் அளக்கக் கூப்பிடும்வரை, அவர் கேட்காமலே மணி சொல்லிக்கொண்டிருந்தேன்.