கை இருக்கு

அக்கா காருக்கு அடியில் நுழைந்ததுமே தம்பி குனிந்து எட்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. திறந்த அதன் வாய்க்கு நேர் மேலே, கிரேனின் கையிலிருந்து சங்கிலியில் தொங்கியபடி, புது எஞ்சின் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. புதுசு என்பது பேருக்குத்தான். எங்கோ மோதி நொறுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து கழற்றியது.

"அக்கா, யாரும் அடியில போகக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். கியர்பாக்ஸ் தண்டு எஞ்சினுக்குள்ள நேரா போகுதான்னு மேல நின்னு எட்டிப் பாக்க எனக்கென்ன ஒட்டகக் கழுத்தா இருக்கு? ரெண்டே நிமிஷம்டா, சந்தேகம்."

சந்தேகம் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். மருந்துக் கடையில் வேலை. ஒரு சீட்டை மூன்று தடவை படித்த பிறகுதான் மாத்திரைப் பெட்டியில் கை வைப்பான். அக்கா அதற்கு நேர் எதிர். பஸ் பணிமனையில் பதினோரு வருடமாக மெக்கானிக். சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

இந்த வேலைக்குக் காரணமும் பயம்தான். போன மாதம் வீட்டுக்கு ஏறும் மேட்டுத் தெருவில், பின் சீட்டில் அம்மாவும் சித்தியும் இருக்க, கார் பாதி வழியில் மூச்சு முட்டி நின்று பின்னால் உருளத் தொடங்கியது. ஓட்டியவன் அவன்தான். பிரேக் பிடிப்பதற்குள் ஒரு வீட்டு மதிலை உரசிவிட்டது. அன்றிலிருந்து அம்மா காரில் ஏறவில்லை. "சின்ன எஞ்சினை வச்சுக்கிட்டு மேடு ஏறச் சொன்னா அது என்ன பண்ணும்? பெருசா ஒண்ணு போட்டுரலாம்," என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

அக்கா பணிமனையிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்த கிரேன் அவன் பொறுப்பு. கைப்பிடியை அடித்தால் எஞ்சின் ஏறும். கீழே ஒரு சின்னத் திருகு. அதை இடப்பக்கம் திருப்பினால் எண்ணெய் விட்டுக்கொடுத்து எஞ்சின் இறங்கும். வலப்பக்கம் திருப்பி மூடினால் நின்றுவிடும். போன வாரம் பழைய எஞ்சினை இறக்கியபோதே அவன் நோட்டில் குறித்துவைத்திருந்தான்: 'கால் சுற்று – ஒரு விரல் அளவு இறங்கும்.' பேச வேண்டிய வார்த்தைகளைக்கூட அவன்தான் மூன்றாகக் குறைத்தான். ஏத்து, இறக்கு, நில்லு. வேறு எதுவும் பேசக் கூடாது.

"ஏன், பாட்டு பாடலாமா?" என்று அக்கா கேட்டபோது அவன் சிரிக்கவில்லை.

"இறக்கு," என்றது காருக்கு அடியிலிருந்து குரல்.

பயந்து பயந்து, மயிரிழை அளவு திருப்பினான். எஞ்சின் அசைந்து இறங்கியது.

"நில்லு."

மூடினான். உள்ளங்கை வேர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டார். தகரம் முழுக்க அதிர்ந்தது. அணைக்கச் சொல்லலாமா என்று அவன் யோசித்தான். ஓடிப்போனால் கிரேனை விட்டுப் போக வேண்டும். போகவில்லை.

அடியிலிருந்து அக்கா ஏதோ சொன்னாள். கடைசிப் பாதிதான் காதில் விழுந்தது.

இறக்கு.

சரியாகக் கால் சுற்று திருப்பினான். அவன் குறித்து வைத்தது பழைய எஞ்சினின் கணக்கு. இதன் கனம் வேறு. ஒரு விரல் இறங்க வேண்டியது, நான்கு விரல் அளவு தடக்கென்று இறங்கி எதன் மேலோ உட்கார்ந்தது.

அக்கா கத்தவில்லை. காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காருக்கு வெளியே நீட்டியிருந்த அவள் கால்கள் இரண்டும் தரையை உதைத்தன.

அவன் பாய்ந்து கைப்பிடியை அடித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எஞ்சின் அசையவில்லை. நான்கு, ஐந்து. கடவுளே, ஏன் ஏறமாட்டேன் என்கிறது? திருகு. திருகை மூடவே இல்லை. அடித்த எண்ணெயெல்லாம் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. மண்டியிட்டான். வலப்பக்கமா, இடப்பக்கமா? நூறு தடவை படித்தது, ஒன்றுமே நினைவில் இல்லை. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்து, இதுதான் வலது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திருப்பினான்.

ஏழாவது அடியில் அக்கா கையை உருவிக்கொண்டாள்.

எதிர்வீட்டு டாக்சிக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி நெடுக அக்கா துண்டில் சுற்றிய வலது கையைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு, "ஸ்பானர் பிடிக்க முடியுமாடா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் டாக்சிக்காரரைக் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னான்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவிரலிலும் மோதிர விரலிலும் எலும்பு முறிந்திருந்தது. ஒவ்வொரு விரல் நுனியையும் ஊசியால் தொட்டுத் தொட்டு, "வலிக்குதா? இங்க?" என்று கேட்டார். நான்கு விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"உணர்ச்சி இருக்கு. எலும்பு சேந்துரும். ஆறு வாரம் வேலை கிடையாது. மோதிர விரல் முழுசா மடங்குமான்னு இப்ப சொல்ல முடியாது. எப்படி ஆச்சு?"

"கிரேன்ல வாஷர் போயிருக்கு டாக்டர். தானா இறங்கிருச்சு," என்றாள் அக்கா.

அவள் உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி இரும்போடு போய்விடும். ஆனால் அந்தக் கிரேன் நாளைக்குப் பணிமனைக்குத் திரும்பப் போகும். நன்றாக இருக்கும் வாஷரில்தான் அங்கே எல்லாரும் குறை தேடுவார்கள். இங்கே, பாதி மட்டும் கேட்ட அவன் காது அப்படியே இருக்கும்.

"தானா இறங்கல. நான்தான் இறக்கினேன். நீ இறக்குன்னு சொன்ன."

"நானா? கை இருக்கு, கை இருக்குன்னு கத்தினேன்டா!"

"கைங்கிறது எனக்குக் கேக்கல."

அக்கா அவனை வெறித்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். ஆனால் அவள் முகத்தில் ரத்தம் வற்றிக்கொண்டே போனது.

"நில்லுன்னு சொல்லியிருக்கணும் நான்," என்றாள் மெதுவாக. "தலை அங்க இருந்திருந்தா, தலை இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன்."

டாக்டரம்மா கட்டுத் துணியைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் வீடு திரும்பியபோது எஞ்சின் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படி விட்டுவைக்க முடியாது. காரிலிருந்து கிரேனைப் பின்னுக்கு இழுத்து, தரையில் பழைய டயரைப் போட்டான். அம்மாவிடம் போய் மோட்டாரைப் போட வேண்டாம் என்றான். காருக்கு அடியில் குனிந்து பார்த்தான், யாரும் இல்லை என்று தெரிந்தும். மறுபடியும் குனிந்தான்.

அக்கா வாசலில் நின்றாள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையை நீட்டி, உள்ளங்கையைத் தரை பார்க்கத் திருப்பி, இறக்கச் சொல்லி மெல்லத் தாழ்த்தினாள். அவன் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் திருகைத் தொட்டான்.