வாயாடியின் சாட்சி

எங்கள் லாண்டரியில் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தது நான்தான். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் ரோலர் ஓட ஆரம்பித்துவிட்டால், பக்கத்தில் நின்று கத்தினாலும் அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. அந்த இரைச்சலில் நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். அவள் ஒருத்திதான் கையால் பேசிக்கொண்டே இருப்பாள். விரிப்பின் ஒரு முனை அவளிடம், மறுமுனை என்னிடம். கை காலியாகும் நொடியில் சூப்பர்வைசர் நடப்பதை அப்படியே நடித்துக் காட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல் அடுத்த விரிப்பை எடுப்பாள். சிரித்து மாட்டிக்கொண்டு முழிப்பது நானாக இருக்கும்.

மதிய இடைவேளையில் மடிப்பு மேஜைக்குப் பின்னால் நான் தொழுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கும்போது இதை எதற்குத் தூக்குகிறாய் என்று ஜாடையில் கேட்டாள். ஒன்று என்று காட்டினேன். மேலேயும் காட்டினேன். அதோடு விட்டுவிடுவாள் என்று பார்த்தால், மறுநாள் வந்து, ஒன்று சரி, மற்றதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த ஜாடையெல்லாம் சூடு, ஈரம், கிழிசல், டீ, ஆள் வருகிறான், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு, இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்கிற கலிமாவுக்கு விளக்கம் சொல்லச் சொன்னால் எங்கே போவேன்? பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய், அங்கே தொழவைக்கும் ஹஜ்ரத்தின் மனைவியிடம் விட்டேன். அந்த அம்மா படம் வரைந்தும் நடித்தும் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் வாயாடி தானும் கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர வேண்டும் என்று என் சட்டைக்கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

வாயால் சொல்ல முடியாதவர் ஜாடையில் சொன்னாலே போதும் என்றார் ஹஜ்ரத். ஆனால் இரண்டு விஷயம் தனக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்றார். யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது. சொல்வதன் பொருள் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை எடுத்துச் சொல்ல நானோ அவர் மனைவியோ கூடாது, நாளைக்கு நாங்கள்தான் சொல்ல வைத்தோம் என்று பேச்சு வரும், அவளுடைய சொந்தம் யாராவது வரட்டும் என்றும் சொல்லிவிட்டார். வாயாடிக்குச் சொந்தம் என்று இருப்பது ஒரே மகள்.

அந்த மகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அம்மாவை ஏதோ சொல்லி மயக்கிவிட்டேன் என்று நினைப்பு. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிற, நறுக்கென்று பேசுகிற பெண். வாயாடியின் முழுப் பேச்சும் புரிவது உலகத்தில் அவளுக்கு மட்டும்தான். ஏனென்றால் அது எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்த ஜாடை அல்ல, அந்த வீட்டுக்குள் இரண்டு பேருக்கு நடுவில் வளர்ந்தது. டாக்டரிடம், வீட்டு ஓனரிடம், எல்லா இடத்திலும் சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்கு அவள்தான் வாய். பள்ளிக்கூடத்தில் தன்னைப் பற்றி டீச்சர் சொன்ன புகாரைக்கூட அவளேதான் அம்மாவுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். எந்த லட்சணத்தில் சொல்லியிருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்துவிட்டாள். பள்ளிவாசல் மாடிப்படியில், அம்மா முன்னால் ஏறிப் போகும்போது, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, அங்க அம்மா என்ன சொன்னாலும் என் வாய் வழியாத்தான் வெளிய வரணும். அதை ஞாபகம் வச்சுக்குங்க."

கோபப்பட்டிருந்தால்கூட நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சொன்னது சிரித்தபடி. உள்ளே சின்ன அறை, ஐந்தாறு இரும்பு நாற்காலி, சுவரோரம் செருப்பு வைக்கும் பலகை. ஹஜ்ரத் ஒரு பக்கம் உட்கார்ந்தார், அவர் மனைவி வாயாடிக்குப் பக்கத்தில். மகள் அம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வாயாடி முந்தின நாளே துவைத்து இஸ்திரி போட்ட உடுப்பில், கல்யாணத்துக்கு வந்தவள் போல் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் மனதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு ஜாடைகூடத் தெரியவில்லை.

யாராவது வற்புறுத்தினார்களா என்று ஹஜ்ரத் கேட்டார். மகளின் கை அதைச் சொன்னது. வாயாடி என்னைக் காட்டினாள், பிடித்து இழுப்பது போல் காட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவளை இழுத்தேன் என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் கதை முடிந்தது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டுமென்றேதான் நேரம் எடுத்துக்கொண்டாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யாரும் வற்புறுத்தவில்லையாம், ஆன்ட்டியை அம்மாதான் போட்டு இழுத்தார்களாம், இந்த மரமண்டைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம் என்றாள் கடைசியில். ஹஜ்ரத் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. பெரிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"வணக்கத்துக்குரியவன் அல்லாஹ் ஒருத்தனைத் தவிர வேற யாரும் இல்ல. இதுல 'வேற யாரும் இல்ல'ன்னா அவங்களுக்கு என்ன அர்த்தம்னு கேளுங்கம்மா" என்றார் ஹஜ்ரத்.

வாயாடி எழுந்து நின்றாள். லாண்டரியில் நடிப்பது போலத்தான் ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் வந்தார், தோளை நிமிர்த்திக்கொண்டு. அவர் முன்னால் இவள் குறுகி நின்றாள். பிறகு மேஜையில் கிடக்கும் நூல் தூசியைத் தள்ளுவது போல் கையால் அவரைத் தள்ளிவிட்டாள். அடுத்து சாவியைச் சுழற்றிக்கொண்டு வீட்டு ஓனர். குறுகினாள், தள்ளினாள். இவள் முகத்தைப் பார்க்காமல் கூட வந்தவரிடமே பேசுகிற டாக்டர். அவரையும் தள்ளினாள். யாருக்கெல்லாம் பயந்து இத்தனை காலம் ஓட்டினாளோ அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பினாள். மகள் உடனுக்குடன் சொல்லிக்கொண்டு வந்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அடுத்து வாயாடி சுவரில் எதையோ கட்டைவிரலால் அழுத்துவது போல் காட்டினாள். கண்ணை மூடினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ தேடித் தடவி, பிறகு கைகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். மற்றவர்களுக்குக் குறுகியது நடிப்பு. இது நடிப்பாகத் தெரியவில்லை.

மகள் வாய் திறக்கவில்லை. இது என்னம்மா என்று ஹஜ்ரத் கேட்டார். அப்போதும் திறக்கவில்லை. ஆஹா, இங்கேதான் கவிழ்க்கப் போகிறாள் என்று எனக்குப் பதறியது. முந்திக்கொண்டு நானே சொன்னேன், அது ரோலர் சுவிட்ச், விரல் மாட்டிக்கொள்ளும் என்று எங்கள் எல்லாருக்கும் அந்த மெஷினிடம் பயம் உண்டு என்று. ஹஜ்ரத் தலையாட்டினார். மகளும் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிய வழியே இல்லை.

"மெஷின் இல்ல" என்றாள் அவள். "அது எங்க வீட்டு லைட் சுவிட்ச். சண்டை வந்தா நான் லைட்டை அணைச்சிடுவேன். இருட்டுல அம்மாவால பேச முடியாது. நான் திரும்பப் போடற வரைக்கும் அப்படியேதான் நிப்பாங்க. மத்த எல்லாரையும் விட எனக்குத்தான் ரொம்ப பயந்தாங்களாம்."

நான் ரோலருக்கு எதிரே தினமும் பார்க்கிற முகம் அது, இப்படி ஒன்று அதற்குள் இருந்தது எனக்குத் தெரியாது. வாயாடி கண்ணைத் திறந்தாள். மகளை அவள் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் தன்னை விட்டுவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மகள் மாற்றாமல் சொல்லிவிட்டாள் என்று அதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய் மகளின் மணிக்கட்டை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் அந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டாள். அப்புறம் சுட்டுவிரலை உயர்த்தினாள். பயத்தை அனுப்பிவிட்டாள், பிள்ளையை விடவில்லை. இத்தனை வருஷம் அந்த விரலைத் தூக்கியும் எனக்கு ஒரு சூப்பர்வைசரின் நிழல் தெரிந்தால் போதும், தலை குனிந்துவிடும். வெட்கமாக இருந்தது.

கலிமாவின் அடுத்த பாதியில் வரும் தூதர் என்றால் யார் என்று ஹஜ்ரத் கேட்டார். அவர் குரலும் இறங்கியிருந்தது. வாயாடி இரண்டு கையால் மேலிருந்து எதையோ வாங்கினாள், சிந்தாமல் மெதுவாக நடந்து வந்து, எங்கள் முன்னால் வைத்தாள்.

"குடுத்ததை அப்படியே கொண்டுவந்து சேர்த்தவர்" என்றாள் மகள். "கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹஜ்ரத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். இது உங்க அம்மாவோட வாக்கு, நீங்க எடுத்துச் சொல்றீங்க, அவ்வளவுதான், விருப்பம் இல்லன்னா வேணாம், அவங்க ஜாடையே போதும் என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானே சொல்கிறேன் என்றாள்.

ஹஜ்ரத் கலிமாவை ஓதினார். வாயாடி வலக்கைச் சுட்டுவிரலை உயர்த்தினாள். இடது உள்ளங்கையை மகளின் தொண்டையில் வைத்தாள். தன் சொல் எந்த வழியாக வெளியே போகிறது என்று அவள் தொட்டுப் பார்க்க நினைத்தாள் போலிருக்கிறது.

"அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் வேற யாரும் இல்லன்னு நான் சாட்சி சொல்றேன்" என்றாள் மகள். "முஹம்மது அவனுடைய தூதர்னு சாட்சி சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகும் மகள் அந்தக் கையை விலக்கவில்லை. அவள் விம்முவது அம்மாவின் உள்ளங்கைக்குத் தெரிந்துகொண்டிருந்தது.