கம்பளித் துண்டுகளில் வழுக்கிச் சென்றவர்

பாரிசுக்குத் தெற்கே புதிதாக எழும்பிய குடியிருப்பில் அறுபத்திரண்டு வீடுகள். அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவை. சினிமாக்காரர்கள் அவற்றில் அன்செல்ம் வெர்தியேயின் வீட்டைத் தேர்ந்தெடுத்தபோது அவர் மனைவி ஜிசேல் ஆச்சரியப்படவே இல்லை.

"ஜன்னல் திரைக்காகத்தான் இருக்கும். வேற யார் வீட்டுல இருக்கு இப்படி?" என்றாள்.

அன்செல்முக்கு வேறு காரணம் தோன்றியது. தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கும் அரசாங்க வேலை அவருடையது. வீட்டிலும் எல்லாம் அதே கணக்குதான். நாற்காலிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும். மெழுகு தேய்த்த மரத் தரையில் யாரும் வெறுமனே கால் வைக்கக் கூடாது. வாசலிலேயே கம்பளித் துண்டுகள் ஜோடி ஜோடியாகக் கிடக்கும். அவற்றின் மேல் நின்று பாதத்தைத் தூக்காமல் வழுக்கிக்கொண்டே உள்ளே போக வேண்டும். அந்த ஒழுங்கு வந்தவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மே மாதத்தில் மூன்று வாரம் படப்பிடிப்பு. வீட்டைக் காக்கிறேன் என்று அன்செல்ம் ஆபீசுக்கு லீவு போட்டார். ஆனால் நாற்பது பேர் விளக்கும் கம்பியும் ஏணியுமாக நுழைந்தபோது, முன்னறையில் அவர் நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று. எங்கே நின்றாலும் யாராவது வந்து, "முசியே, கொஞ்சம் அந்தப் பக்கம்," என்றார்கள். அந்தப் பக்கம் போனால் அங்கிருந்தவர் இந்தப் பக்கம் அனுப்பினார். அவருடைய சமையலறையில் காபி குடிக்க அவர் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இரண்டு முறை கிடைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கம்பளித் துண்டு இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. விளக்குக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இயக்குநர், மெல்லிய குரலில் பேசும் ஒல்லி மனிதர், கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவர் சொல்றது சரி. நாற்பது ஜோடி வாங்கிட்டு வாங்க," என்றார்.

அன்றிலிருந்து அன்செல்முக்கு அந்த மனிதர்மேல் தனி மரியாதை.

வீட்டுக்காரர் வேடம் போட்ட நடிகர் புருனெல் இன்னும் நல்லவர். மற்றவர்கள் அன்செல்மை ஒதுக்கியபோது இவர் மட்டும் தேடி வந்து பேசினார். "குப்பைத் தொட்டி மூடிய ஏன் ரெண்டு தடவ அழுத்துறீங்க?" என்று கேட்டார். "முதல் தடவ மூடுறதுக்கு. ரெண்டாவது, மூடியிருக்கான்னு பாக்குறதுக்கு," என்றார் அன்செல்ம். புருனெல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கம்பளித் துண்டில் நடக்கத்தான் அவருக்கு வரவே இல்லை. அன்செல்ம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்.

"முழங்காலை இவ்வளவு மடக்காதீங்க. இடுப்புக்கு மேல ஆடக் கூடாது. கையில ஒரு தட்டு நிறைய சூப் இருக்குன்னு நெனச்சுக்குங்க."

"இப்படியா, முசியே வெர்தியே?"

"ம். இப்ப வருது. இன்னொரு தடவ கதவுலேர்ந்து."

ஜிசேல் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் அக்டோபரில் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. முதல் சனிக்கிழமையே குடியிருப்பு முழுக்கத் திரண்டது. வெர்தியே தம்பதிக்கு நடு வரிசையில் நட்டநடு இடம். அன்செல்ம் புது டை கட்டியிருந்தார்.

திரையில் அவர் வீட்டுக் கதவு திறந்தது. புருனெல் துண்டுகளின்மேல் ஏறி நின்று, இடுப்பு ஆடாமல், கண்ணுக்குத் தெரியாத சூப்பை ஏந்தியபடி முன்னறையைக் கடந்தார். தியேட்டர் வெடித்துச் சிரித்தது.

பின்னால் யாரோ ஏதோ ஜோக் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து அன்செல்ம் திரும்பிப் பார்த்தார். எல்லோர் முகமும் திரையைப் பார்த்தே இருந்தது. மறுபடி சிரிப்பு. இப்போது குப்பைத் தொட்டி. ஒருமுறை அழுத்தல். சற்று யோசனை. இன்னொரு முறை.

அவருக்கு விளங்கிவிட்டது. காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாம் என்றால் இடப்பக்கம் பதினொரு ஜோடி முழங்கால், வலப்பக்கம் பன்னிரண்டு. எழுந்தால் திரையின் குறுக்கே அவர் நிழலே விழும்; அதற்கும் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு மதாம் ப்ருவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, அப்படியே இருக்கு," என்றாள். ஜிசேலின் தோள் குலுங்கியது. அவள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்செல்ம் உட்கார்ந்திருந்தார். வேறென்ன செய்ய முடியும்?

ஒரே ஓர் இடத்தில் தியேட்டர் அடங்கியது. விருந்தாளிகள் போய்விட்ட பிறகு திரையில் அந்த மனிதர் தனியாக நாற்காலிகளைச் சரிசெய்கிறார். கடைசி நாற்காலியைச் சரிசெய்ததும் செய்வதற்கு எதுவுமில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார். அன்செல்ம் இதை யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் அப்படி நின்றதுண்டு.

வெளியே நடைபாதையில் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். உங்க வீடு அழகா வந்திருக்கு என்றார்கள். அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

வீடு திரும்பும் வழியில்தான் கேட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, ஜிசேல்."

"சொல்லத்தான் வந்தேன். நீ அவருக்கு நடக்கக் கத்துக்கொடுத்துட்டிருந்தே. அவ்வளவு சந்தோஷமா உன்ன நான் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

அவள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வேலியோரம் ஆட்கள் நின்றார்கள். பத்துப் பேருக்குக் குறையாது. விரட்டிவிட்டு வருகிறேன் என்று அன்செல்ம் இறங்கிப் போனார். முன்னால் வயதான ஒரு தம்பதி. வீட்டைப் பார்க்க இரண்டு பஸ் மாறி வந்தார்களாம். கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

"முசியே, படத்துல வர்றவர் நீங்கதானே?"

"இல்ல. அவர் நடிகர். வேற ஆளு."

கிழவர் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "நான் சொல்லல? பேச்சுகூட அதே மாதிரி."

அன்செல்ம் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். ஜிசேல் உள்ளே காபிக் கோப்பைகளை எண்ணி வைத்துக்கொண்டிருந்தாள்; இரண்டுக்கு மேல் இருந்தன. கிழவி நாள் முழுக்க நின்றவள்போல வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அன்று பொழுது சாய்வதற்குள் முப்பத்தொரு பேர் வந்து போனார்கள்.