சாவி கைமாறும் இடம்

“டேய் அருணு, எழுந்திர்ரா. வண்டி வந்து முனையில நின்னுகினு கீது.”

குப்பம்மாள் மகனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அருண்பாண்டியன் கட்டிலில் புரண்டு படுத்தான். கிருத்திகைக்கு மலையேறிவிட்டு வந்த அலுப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். மலையேறியது மெய்தான். இறங்கியபின் சிநேகிதர்களோடு எங்கே போனான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

“அவனையே ஓட்டிகினு வரச் சொல்லேன்,” என்றான் கண்ணைத் திறக்காமல்.

குப்பம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். “இன்னா பேச்சுடா பேசற? அம்மன் வாசல்ல, நம்ம தலைக்கெல்லாம் மேல உக்காந்துகினு அவன் வருவானா? ஒங்கப்பா காதுல வுழுந்தா தோலை உரிச்சுடுவாரு.”

அந்தத் தெருவின் நியாயம் அப்படி. அருணின் அப்பா பெருமாளின் பத்துச் சக்கர லாரியில் திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகிறவன் காலனி ராஜீவ். அரக்கோணம் சாலையில் ஓட்டலாம், ஆந்திர எல்லையைத் தாண்டியும் ஓட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஊர்த் தெரு முனையில் கங்கையம்மன் கோயில் வந்துவிட்டால் மட்டும் இறங்கி, வண்டிச் சாவியைப் பெருமாள் வீட்டு ஆளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நடந்து வரலாம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஓட்டுகிறவனின் இருக்கை ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறதே, அதுதான் குற்றம். தரையில் உட்கார்ந்து ஓட்டுகிற லாரியை எவனாவது கண்டுபிடித்தால் அந்த ஊருக்குச் சௌகரியமாக இருக்கும்.

லாரி இரவு தங்குவது தெருக்கோடியில் உள்ள பெருமாளின் கொட்டகையில். அங்கே திருப்ப இடமில்லை. முனையிலிருந்தே பின்னோக்கி எடுத்துப் போக வேண்டும். தெருவோ இரண்டு பக்கமும் கால்வாய் ஓடும் சின்னத் தெரு. நடுவில் தண்ணீர்த்தொட்டி அருகே ஒரு வளைவு வேறு. அன்றாட ஓட்டத்திலேயே ஆபத்தான பகுதி அதுதான். அதை மட்டும் ஓட்டத் தெரிந்தவனிடமிருந்து பிடுங்கி, டிராக்டர் தவிர எதையும் ஓட்டிப் பழகாத ஒருவனிடம் கொடுத்திருந்தார்கள். முன்பெல்லாம் பெருமாளின் தம்பி வெங்கடேசன் எடுப்பார். அவர் ஆர்.கே.பேட்டைக்குக் குடிபோன பிறகு அந்த வேலை அருண்பாண்டியனுக்கு வந்தது.

ஒருவழியாக அவன் சட்டையை மாட்டிக்கொண்டு முனைக்கு வந்தான். ராஜீவ் இறங்கிக் கோயிலுக்கு அப்பால் சாலைப்பக்கமே நின்றான். அவன் அப்பா ராஜவேலு சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் போனார். லாரி பின்னால் வரும்போது கூடவே நடந்து வழி சொல்வது அவர் வேலை. ஒருதரம் தட்டினால் வா; இரண்டுதரம் தட்டினால் நில். கண்ணாடியில் அப்பாவின் தலை தெரியாவிட்டால் ராஜீவ் சக்கரத்தை நகர்த்தவே மாட்டான்.

“அருணு தம்பி, இடதுபக்கக் கண்ணாடி மடங்கிகினு கீது. சரி பண்ணிக்கோங்க,” என்றான் ராஜீவ்.

“எனக்கு நீ சொல்லித்தர்றியா?” அருண்பாண்டியன் கதவை அறைந்து சாத்திப் பாட்டைப் போட்டான். “ராஜவேலு, தள்ளி நில்லுடா!” அப்பன் வயதுள்ளவரை ‘டா’ போட்டுக் கூப்பிட அந்தத் தெருவில் யாருக்கும் நாக்குக் கூசுவதில்லை.

வலது ஜன்னலில் தலையை நீட்டி அந்தப் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டே அவன் வண்டியைப் பின்னால் விட்டான். வளைவில் இடது பின்சக்கரம் கால்வாய் மூடியின் உடைந்த ஓரத்துக்கு வந்தது. ராஜவேலு இரண்டுதரம் தட்டினார். மறுபடியும் தட்டினார். “ஓல்டான்! ஓல்டான்!” என்று கத்தினார். பாட்டுச் சத்தத்தில் அது உள்ளே போகவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்காமலிருக்க அவர் குனிந்து கட்டையைச் செருகினார். வண்டி ஏதோ தடுக்கி நிற்கிறது என்று நினைத்த அருண்பாண்டியன் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தான்.

அலறல் கேட்டு ராஜீவ் ஓடிவந்தான். அப்பாவின் வலதுகால் முழங்காலுக்குக் கீழே சக்கரத்தடியில் இருந்தது. அருண்பாண்டியன் குதித்து இறங்கினான், பார்த்தான், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

தெரு கூடிவிட்டது. ராஜீவ் படியில் கால் வைத்தான்.

“ஏய், ஏறாத!” பெருமாள் அவன் கையைப் பிடித்தார். “வெங்கடேசனுக்குப் போன் பண்ணிக்கீறேன். பேட்டையிலருந்து வந்துனுகீறான். கொஞ்சம் பொறு.”

“ஐயா, கால் நசுங்கினுகீது!”

“இத்தினி நேரம் தாங்கிட்டான் இல்ல, இன்னும் செத்த நேரம் தாங்கமாட்டானா?”

இதைச் சொன்னவர் நெற்றியில் மலையிலிருந்து கொண்டுவந்த திருநீறு இருந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வெங்கடேசன் வருகிறாரா என்று.

லாரியின் தகட்டில் ஒரு தட்டு கேட்டது. ஒரே ஒரு தட்டு. கீழே கிடந்த ராஜவேலு கையை உயர்த்தித் தட்டியிருந்தார். “முன்னால எடுடா… மெதுவா,” என்றார்.

ராஜீவ் பெருமாளின் கையை உதறிவிட்டு ஏறினான். கண்ணாடியை நிமிர்த்தினான். அப்பாவின் முகத்தை அதில் பார்த்துக்கொண்டே, கிளட்சை மெல்ல மெல்ல விட்டான். சக்கரம் காலை விட்டு இறங்கியது. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லாமல் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றதால், அப்படியே முனை வரைக்கும் ஓட்டிப்போய் அம்மன் கோயிலைத் தாண்டி நிறுத்தினான். இறங்கி அப்பாவிடம் ஓடினான்.

மறுநாள் காலை ராஜவேலுவின் காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராஜீவைப் போலீஸ்காரர் ஒருவர் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். சட்டையில் அப்பாவின் ரத்தம் காய்ந்திருந்தது.

பெருமாள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். அளவெடுத்துப் படம் பிடித்து முடித்திருந்தார்கள். “ரத்தத்தைக் கழுவிடுங்கம்மா, கொழந்தைங்க நடமாடுற எடம்,” என்று பெண்களிடம் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“யாருங்க ஓட்டினது?”

“இவன்தான் சார்,” என்றார் பெருமாள். “எங்கிட்ட லைசென்ஸ் கீற டிரைவர் இவன் ஒருத்தன்தானே?”

பக்கத்துவீட்டு வரதராஜன் தன் செல்போனை நீட்டினார். ராஜீவ் லாரியிலிருந்து இறங்குவது அதில் ஓடியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நேற்று வாய் திறக்காத தெரு இன்று ஒரே குரலில் பேசியது.

“நான் ஓட்டல சார்,” என்றான் ராஜீவ். “அருணு ஓட்டினாரு. நைனாவை வெளிய எடுக்கத்தான் நான் ஏறினேன். இந்தத் தெருவுல எங்க ஆளுங்கள ஸ்டீரிங் புடிக்க வுடமாட்டாங்க.”

பெருமாள் சிரித்தார். “எந்தக் காலத்துல சார் கீறோம்? எங்க தெருவுல அந்த வித்தியாசமே கெடையாது. தினம் இவன்தான் ஓட்டிகினு வருவான். குடிச்சுட்டுப் பெத்த அப்பன் கால்மேலயே ஏத்திட்டு இப்ப எம்புள்ள தலையில போடறான்.”

ராஜீவுக்கு லைசென்ஸ் போகும், ஜெயிலுக்கும் போவான். அதையெல்லாம் விட, அப்பாவின் காலை நசுக்கியவன் என்ற பேரோடு சாகிற வரைக்கும் வாழ வேண்டும். எஸ்.ஐ. எழுத ஆரம்பித்தார். எதிரே பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் கிடந்தது தண்ணீர்த்தொட்டி வளைவில். அங்கே ஒரு குடம் ஊற்றியாகிவிட்டது. பிறகு குடம் குடமாக மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. வளைவிலிருந்து கோயில் முனை வரைக்கும் லாரி முன்னால் போன தடம் முழுக்க ஊற்றித் தேய்த்தார்கள். குப்பம்மாள்தான் முன்னால் நின்றாள்.

“அங்கெல்லாம் ஏது சார் ரத்தம்?” என்று கேட்டான் ராஜீவ்.

எஸ்.ஐ. நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா, அவ்ளோ தூரம் எதுக்குக் கழுவறீங்க?”

“ஏய், நீ உள்ள போ!” என்றார் பெருமாள். புருஷன் எதற்குப் பதறுகிறார் என்று குப்பம்மாளுக்கு விளங்கவில்லை. சாமி காரியத்தில் மறைக்க என்ன இருக்கிறது?

“ரத்தத்துக்கு இல்ல சார். இவன் லாரிமேல உக்காந்துகினு அம்மன் வாசலைத் தாண்டிட்டான். எங்க தெருவுல நேத்து வரைக்கும் அப்பிடி ஒரு அநியாயம் நடந்ததே இல்ல.”

“நடந்ததே இல்லையா?”

“ஒரு நாளும் இல்ல சார்! முனையிலயே எறக்கிடுவோம்.”

“அப்புறம் யாரும்மா உள்ள ஓட்டிகினு வர்றது?”

“எம்புள்ளதான்,” என்றாள் குப்பம்மாள், பெருமையாக. “நேத்தும் அவன்தான் தூக்கத்துலருந்து எழுந்து போனான். சார், இவனை அம்மன் வாசல்ல வுழுந்து மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க.”

ராஜீவ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“கேக்கறேங்கம்மா. மொதல்ல நீங்க சொன்னதை சார் எழுதிக்கட்டும்.”